அத்தை வடித்த கோழிச்சோறு

என் பிள்ளைகளே,

அத்தையின் முதலாண்டு நினைவு நாளில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்குவார்கள். ஆனாலும் நான் எழுதுவது உங்களுக்காகத்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவாகிய உங்கள் அத்தை, விளாத்திகுளம் பக்கம், மிளகாய்க் காட்டை நம்பிய குடும்பத்தில் பிறந்தார்கள். மழை பெய்தால் வெள்ளாமை. பெய்யாத வருஷம் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. எட்டயபுரத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். மாமா லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் மகனான உங்கள் அத்தான் நடைபழகும் பிள்ளை. அவனை நம் வீட்டில் விட்டுவிட்டு, அத்தை சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். கான்டனீஸ் பேசும் சீனக் குடும்பம் அது. அங்கே சமைத்து, அந்த வீட்டுப் பிள்ளைகளையும் வளர்த்தார்கள். அந்த உழைப்பில்தான் அத்தான் படித்தான்.

அத்தை ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அத்தான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எதிர்த்து ஒரு சொல் பேச மாட்டான். ஆனால் "அம்மா" என்றும் கூப்பிட மாட்டான். "அவியகிட்ட சொல்லிருங்க மாமா" என்பான். உங்கள் அம்மா சோறு போட்டால் சாப்பிடுவான். அத்தை கரண்டியை எடுத்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவான். அத்தை என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்கள்: "ஏலே தம்பி, எங் கையால ஒரு வாய் திங்கவே மாட்டானாலே?"

நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். அவன் லீவுக்கு வந்திருந்த ஒருநாள், சீன வீட்டுச் சாப்பாடு ஆக்கப்போவதாக அத்தை சொன்னார்கள். முட்டைக்கு வராத வெடைக்கோழி ஒன்றை வாங்கி, முழுசாக உப்புத் தடவி, இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டுக் கொதித்த தண்ணீரில் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மூடியைப் போட்டு அடுப்பையும் அணைத்துவிட்டார்கள்.

உங்கள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன மதினி, அடுப்ப அமத்திட்டீய? கோழி வேகண்டாமா?"

"அந்தச் சூட்டுலயே வேகும். நீ மூடியத் தொறக்காம இரி."

"சிங்கப்பூர்க் கோழி சொன்னபடி கேக்கும். இது நம்மூருக் கோழிலா!"

கோழி வெந்ததும் ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். கோழிக் கொழுப்பில் இஞ்சியும் பூண்டும் வதக்கி, அரிசியைப் புரட்டி, கோழி வெந்த தண்ணீரையே ஊற்றி உலை வைத்தார்கள்.

வாசம் தெருவரைக்கும் போயிற்று. அத்தான் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். "எங்கலே போற?" என்றேன்.

"அந்த வீட்டுப் பிள்ளையளுக்கு ஆக்கிப்போட்ட சோறுதான மாமா இது? அவிய திங்கட்டும். நான் பஸ் ஸ்டாண்டுல புரோட்டா தின்னுக்கிடுதேன்."

அத்தை காதில் அது விழுந்தது. கோழியை எடுத்துக்கொண்டு, வெட்டுவதற்காகக் கொல்லைப்புறம் போய்விட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் உங்கள் அம்மா பானையைப் பார்த்திருக்கிறாள். அரிசி கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. நம் வீட்டில் சோறு கொதித்தால் என்ன செய்வோம்? வடித்துவிட்டாள். வெட்டிய கோழியோடு திரும்பிய அத்தை அலறினார்கள்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுன! அது கோழித்தண்ணிலா! ருசி பூராவும் அதுலதான இருக்கு!"

"எனக்கென்ன தெரியும் மதினி? சோறு கொதிச்சா வடிக்கணும், அதுதான் எங்கம்மா சொல்லிக்குடுத்தா."

அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு சிரித்தார்கள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

சத்தம் கேட்டு அத்தான் வாசலிலிருந்து திரும்பி வந்தான். வடிகஞ்சிச் சட்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் அவன் குடித்தது வடிகஞ்சிதான். பழக்கத்தில் கை போய்விட்டது போல. ஒரு தம்ளர் கோரி, நின்றபடியே குடித்தான்.

"இதுல என்ன கெடக்கு?" என்று சட்டியைப் பார்த்தே கேட்டான்.

"இஞ்சி," என்றார்கள் அத்தை.

இன்னொரு தம்ளர் குடித்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சோத்தையும் போடும்மா. பார்ப்போம்," என்றான் அத்தையிடம்.

அத்தை கரண்டியை எடுத்துப் போட்டார்கள். அவன் கோழியைப் பார்த்துவிட்டு, "காய்ச்சக்காரனுக்கு ஆக்குன மாதிரி வெளுத்துப்போய்க் கெடக்கு" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு காலையும் தின்றுவிட்டான்.

அன்றிலிருந்து அந்தச் சாப்பாடு வடித்துத்தான் ஆக்கப்பட்டது. சீன வீட்டு முறை தெரிந்த அத்தையே வடித்தார்கள். கடைசி மாதங்களில் வயிற்று நோயால் எதுவும் இறங்காதபோது, அத்தான் லீவு போட்டு வந்து, அந்தக் கஞ்சியைத் தானே காய்ச்சி, ஸ்பூனால் ஊட்டினான். "உப்பு கம்மிலே" என்று அத்தை குறை சொல்ல, அவன் எழுந்து போய் உப்பு எடுத்து வருவான். மகன் மடியில்தான் கண்ணை மூடினார்கள்.

ராத்திரி பகல் பாராமல் கவனித்த நர்சம்மாக்களுக்கும், பந்தலுக்குக் கால் ஊன்றிய தெருக்காரர்களுக்கும், துட்டு வாங்காமல் டீ கொடுத்துவிட்ட கடை அண்ணாச்சிக்கும், தீப்பெட்டி ஆபீஸில் கூட வேலை பார்த்து மாலையோடு வந்த பெண்களுக்கும், சிங்கப்பூரிலிருந்து போனில் அழுத அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொன்னது உங்கள் அத்தான்தான்.

கருமாதி முடிந்து, அவனைப் பஸ் ஏற்றிவிட்டு, நான் மட்டும் எட்டயபுரத்து அத்தை வீட்டைத் திறந்தேன். வரும் வழியில் ஒரே ஒரு கோழிக் கால் வாங்கியிருந்தேன். இஞ்சி தட்டிப் போட்டு வேகவைத்து, இலையில் எடுத்து, படத்துக்கு முன்னால் வைத்தேன். விளக்கேற்றிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த இலையில் நானே சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.