அம்பு காட்டிய விரிசல்

என் மகள் வண்டியோடு விழுந்துவிட்டாள் என்று போன் வந்தபோது நான் பெருமாநல்லூரில், பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் இருந்தேன். துணியில் ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ கண்டால், அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஸ்டிக்கர் தாள் மேலே போட்டிருந்த கம்பெனிக் கோட்டுப் பையில் இருப்பதுகூடத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கல்லூரியில் படிக்கிற பெண். வலது முழங்கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

"எக்ஸ்ரேல எலும்பு நல்லாத்தானுங்க இருக்குது. சவ்வுல அடிபட்டிருக்கும்" என்றார் இளம் டாக்டர். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு மனம் ஆறவில்லை.

"எங்க வலிக்குது கண்ணு?"

"எல்லாப் பக்கமுந்தானுங்மா."

"அப்படிச் சொன்னா எப்படி? ஒரு எடஞ் சொல்லு."

விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தேன். முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் பட்டதும் அலறிவிட்டாள். என் கை தானாகப் பைக்குள் போனது. அந்த இடத்தில் ஓர் அம்பை ஒட்டிவிட்டேன்.

"அம்மா! நான் என்ன டி-சர்ட்டா? ரிஜெக்ட் பெட்டியில தூக்கிப் போட்டுருவீங்களா?"

அவள் வலியோடு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு பொங்கியது. கண்ணில் தண்ணீர் வேறு.

பெரிய டாக்டர் வந்தார். "இது யாருங்க ஒட்டுனது?"

"நாந்தானுங்க. செக்கிங்ல இருக்கறனுங்க."

திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அம்பின் முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மகள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தார். டாக்டர் உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில், மூட்டுக்குள் போகும்படி மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

"இப்ப நகரலீங்க. ரெண்டு வாரங்கழிச்சுப் படம் எடுப்போம். அதுக்குள்ள நகர்ந்துட்டா ஆபரேஷன் பண்ணிப் பிளேட் வெக்கோணும். காலைத் தரையில ஊனவே கூடாதுங்க."

அவர் எழுதிய சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தேன். வலது கால், வெளிப்பக்கம். ரிப்போர்ட்டில் பக்கம் மாறிப்போன சரக்குகளை நிறையப் பார்த்தவள் நான்.

"சீட்டு பாஸாயிருச்சுங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

முழங்காலை அசையவிடாமல் பெல்ட் போட்டுவிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் அவள் கட்டிலை விட்டு அசைந்தாலே ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பேன்.

"காலைக் கீழ வெச்சிராத சாமி!"

"வெக்கலீங்மா. காத்துலதான் நிக்குது. நீங்க மூச்சு விடுங்க மொதல்ல."

இரண்டு வாரம் கழித்து டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்படியேதானுங்க இருக்குது. ஆபரேஷன் வேண்டாம்."

எனக்குத் தலை சுற்றியது. கிடைத்ததைப் பிடித்து உட்கார்ந்தேன். வாக்கரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்ற மகள் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்மா, அது எனக்குக் கொண்டாந்த வீல்சேர்ங்மா."

எழுந்துகொள்ளத்தான் பார்த்தேன். சிரித்த சிரிப்பில் முடியவில்லை.