ஜாடி வாயில் ஓடிய கோடு

பழைய பாட்டிலுக்கு வயது சொல்லும் பைத்தியம் எனக்கு வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பிடித்தது. பெஹாலாவில் எங்கள் கட்டடத்தில் யார் பரணை ஒழித்தாலும், கிடைக்கிற மருந்து பாட்டிலும் சென்ட் பாட்டிலும் நேராக என் வீட்டுக்கு வந்துவிடும். மாடிவீட்டு பௌதி, வங்காளியில் அண்ணி, தான் கொண்டுவருவதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தது என்று அடித்துச் சொல்வார். இல்லவே இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

விஷயம் எளிது. அச்சில் வார்த்த கண்ணாடியில் பக்கவாட்டில் தையல் மாதிரி ஒரு கோடு ஓடும். அது கழுத்தோடு நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள், பெரும்பாலும் பழையது. விளிம்புவரை ஏறினால் இயந்திரம் செய்தது. கண்ணுக்குத் தப்புவது நகத்துக்குத் தப்பாது.

ஊரார் பாட்டிலுக்கெல்லாம் வயது சொல்லிவிட்டு, அம்மாவின் ஊறுகாய் ஜாடிக்கு என்ன வயது என்று தெரியாமல் இருந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. தான் கல்யாணமாகி வந்தபோதே அது பழைய ஜாடி என்பாள் அம்மா. அவள் போன பிறகு சாமான்களைப் பிரித்தபோது அந்தக் கண்ணாடி ஜாடிக்காக நானும் அக்காவும் நாக்கில் நரம்பில்லாமல் பேசிக்கொண்டோம். கடைசியில் அக்காதான் டாக்சியில் எடுத்துக்கொண்டு சால்ட் லேக்கில் தன் வீட்டுக்குப் போனாள். ஏழு வருஷமாகப் பொங்கலுக்கும் துர்கா பூஜைக்கும் அவள் வீட்டுக்குப் போவேன், காபி குடிப்பேன், அலமாரி மேல்தட்டில் இருக்கும் ஜாடியைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவேன். தொட்டதில்லை. வீம்பு.

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்வம் தாங்காமல் போய், ஜாடியைப் பார்க்க வேண்டும் என்றேன். நிறைய ஊறுகாய் இருக்கிறது, எண்ணெய் வழியும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள் அக்கா. காய்காரர் கூப்பிட்டு அவள் வாசலுக்குப் போனதும், இந்த வயதில் நாற்காலி மேல் ஏறி அதை இறக்கிவிட்டேன்.

நகத்தை ஓட்டினேன். கோடு எங்கும் நிற்காமல் விளிம்புவரை ஏறியது. தூக்கி அடியைப் பார்த்தேன். கொள்ளளவு மில்லியில் பதிந்திருந்தது. அம்மா கல்யாணமாகி வந்த நாளில் மில்லி என்றால் என்னவென்றே வீட்டில் யாருக்கும் தெரியாது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அதை விற்றுவிட்டு இதை வைத்து ஏழு வருஷமாக ஏமாற்றியிருக்கிறாள். கீரைக்கட்டோடு உள்ளே வந்தவளிடம், அம்மா ஜாடியை எந்தக் கடையில் விற்றாய் என்று கேட்டேன்.

அக்கா கீரையை மேடைமேல் வைத்தாள்.

“விக்கலைடா. அன்னிக்கு டாக்சிலயே உடைஞ்சுடுத்து. மடியிலதான் வெச்சுண்டிருந்தேன். பிரேக் போட்டான், நழுவிடுத்து.”

அதே அளவில், அதே மாதிரி மூடியோடு ஒன்றைத் தேடி நடைபாதைக் கடைகளில் இரண்டு மாதம் அலைந்தாளாம். அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். கோபம் இன்னும் இறங்கியிருக்கவில்லை.

“ஜாடி இல்லேன்னா நீ இங்க எதுக்குடா வருவே?”

எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. வழிந்திருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு ஜாடியை அதே தட்டில் ஏற்றி வைத்தேன். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.