முதல் குத்துக் கணக்கு

கைராசி என்று ஒன்று கிடையவே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில் பதினோரு வருஷமாக ஒருத்திக்கு அதுதான் பெயர். "கைராசி இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஆட்கள் உள்ளே வருவார்கள். அவள் லீவு என்று தெரிந்த பிறகுதான் பக்கத்து நாற்காலியில் நான் ஒருத்தி இருப்பதே அவர்கள் கண்ணில் படும்.

அவளுக்கு மூன்று வருஷம் முன்னால் வந்தவள் நான். அவள் துணிக் கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள். புருஷன் போன பிறகு, இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, மாலை வகுப்பில் படித்து இந்த வேலைக்கு வந்தாள். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. யாரையும் அதட்ட மாட்டாள். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். நல்லவள்தான், யார் இல்லை என்றது? அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

ஒரு முறை தொடர்ந்து நாற்பத்து மூன்று பேருக்கு முதல் குத்திலேயே ரத்தம் எடுத்துவிட்டாள். ராசி ஓடுகிறது, இப்போதே கையை நீட்டிவிடு என்று வரிசையில் தள்ளுமுள்ளு. எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்து மூன்றாவது ஆளின் நரம்புக்கு முந்தின நரம்பு கடிதமா போட்டிருக்கும்? ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே கையில் இரண்டாவது தடவை குத்துவதுதான் வேறு சங்கதி. முதல் குத்து தவறினால் அந்த இடம் வீங்கிவிடும், ஆள் பயந்து கையை இழுப்பார், இரண்டாவது குத்தும் தவறும் வாய்ப்புக் கூடிவிடும். அதனால்தான் எங்கள் தொழிலில் முதல் குத்துக்கு அவ்வளவு மதிப்பு.

அறைக்கு ஒரு பொறுப்பாளரைப் போடப் போகிறார்கள் என்று சேதி வந்தது. எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி. யாருக்கு எத்தனை பேரிடம் முதல் குத்திலேயே கிடைக்கிறது என்று பெரிய டாக்டர் ஒரு மாதம் நோட்டுப் போடச் சொன்னார். ஆளுக்கு இருநூறு பேர். அவளுக்கு நூற்றெண்பது பேரிடம் முதல் குத்திலேயே கிடைத்திருந்தது, எனக்கு நூற்றைம்பது பேரிடம்.

வீட்டில் வந்து குமுறினேன். "இதுல ஏதோ சதி இருக்குங்க."

"அவளுக்கு நூத்துக்குத் தொண்ணூறு, உனக்கு எழுபத்தஞ்சு. இதுல என்னடி சதி?" என்றார் என் வீட்டுக்காரர். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

"யார் கையில குத்துனேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? வத்திப்போன கிழவியும் பால் குடிக்கிற பிள்ளையுமா எனக்கு வருது. கம்பெனி செக்கப்புக்கு வர்ற வாலிபப் பசங்க பூராவும் அவளுக்கு!"

கத்தி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. மறுநாள் அந்த மாதத்து நோயாளிகளின் சீட்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தேன். நரம்பு நன்றாகத் தெரிகிறவர்கள் ஒரு குவியல், குழந்தைகளும் முதியவர்களும் இன்னொன்று. நல்ல நரம்பென்றால் அவளுக்கு நூற்றெண்பதில் நூற்றெழுபத்திரண்டு, எனக்கு நாற்பதில் முப்பத்தொன்பது. கஷ்டமான நரம்பென்றால் அவளுக்கு இருபதில் எட்டே எட்டு. எனக்கு நூற்றறுபதில் நூற்றுப்பதினொன்று. இரண்டு குவியலிலும் நான்தான் மேலே! கூட்டிப் பார்த்தால் மட்டும் அவள் மேலே. யாருடைய கை என்று தெரிந்துகொண்டு கேட்டால் பதிலே தலைகீழ்.

அன்று நான் நடக்கவில்லை, பறந்தேன்.

நான் நீட்டிய கணக்கைப் பெரிய டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். டோக்கன் கொடுப்பவரைக் கூப்பிட்டு, "யாருய்யா இப்படிப் பிரிச்சு அனுப்புனது?" என்றார். டோக்கன்காரர் கைராசியைப் பார்த்தார்.

"நான்தான் சார் சொன்னேன்" என்றாள் அவள். "குழந்தை கைன்னா எனக்கு உதறும். அக்காவுக்கு உதறாது. எதுக்குப் பிள்ளைங்களைப் போட்டு வதைக்கணும்? பொறுப்பை அக்காவுக்கே குடுங்க."

பொறுப்பு எனக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பேச்சு. "என்ன மனசும்மா அவங்களுக்கு! யாருக்கு வரும்?" பதவி வாங்கியவள் நான், வாழ்த்து அவளுக்கு! கல்யாண வீட்டிலும் அவளே மாப்பிள்ளை, சாவு வீட்டிலும் அவளே பிணம். தோற்றதிலும் என்னை ஜெயித்துவிட்டாளே என்று மனம் வெந்தது.

பொறுப்பேற்றதும் முதல் உத்தரவு போட்டேன். இனி ஆள் பார்த்து அனுப்பக் கூடாது. ஒற்றைப்படை டோக்கன் அவளுக்கு, இரட்டைப்படை எனக்கு. நியாயம்தானே? யார் வந்து தட்டிக்கேட்க முடியும்? அவள் எண்ணிக்கை எப்படிச் சரியும் என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

திங்கட்கிழமை, பதினேழாம் டோக்கன். இரண்டு வயதுப் பெண் குழந்தை. காய்ச்சலில் துவண்டு தாயின் தோளில் கிடந்தது. கைராசி அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இதை மட்டும் நீங்க எடுத்துடுங்களேன்."

"டோக்கன்னா டோக்கன்தான்" என்றேன்.

முதல் குத்து தவறியது. குழந்தை வீறிட்டது. அதே கையில் இரண்டாவதும் தவறியது. குழந்தை அழுது அழுது மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் மறு கையைப் பிடித்தேன். ஒரே குத்து, ரத்தம் வந்துவிட்டது.

தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் வருதே. முதல்லயே நீங்க எடுத்திருக்கலாமே, ஏன் எடுக்கல?"

நான் ரத்தக் குழாயில் பெயர் எழுதக் குனிந்தேன்.

"என் தப்பும்மா" என்றாள் கைராசி. "நான்தான் முடியாதுன்னு விட்டிருக்கணும்."

அந்தத் தாய் அவளைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தாள். வீங்கியிருந்த சின்னக் கையைத் தன் புடவைத் தலைப்பால் மூடினாள். "உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தா?" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பதினெட்டாம் டோக்கனைக் கூப்பிட்டேன்.