அண்ணன் வரட்டும் என்றேன்

காலை ஏழு மணி பத்து நிமிடம். மூன்று நாள் காய்ச்சலோடு படுத்திருந்த என் மகள் எழுந்து வந்து, தட்டில் இருந்த இட்லிகளை எடுத்துப் புத்தகப் பைக்குள் அடுக்கினாள். "இன்னா பண்ற?" என்றேன். அடுத்த நிமிடம் வலிப்பு வந்து விழுந்தாள். பதினான்கு வயது அவளுக்கு.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "மூளையில கிருமி தொத்தினாப்ல இருக்குங்க. மருந்த இப்பவே ஆரம்பிச்சிடறோம். ஆனா இன்னா கிருமின்னு தெரியணும்னா, கீழ் முதுகுல ஊசி குத்தி கொஞ்சம் தண்ணி எடுக்கணும். கையெழுத்து போடுங்க."

கணவர் பேனாவை எடுத்தார். நான் தடுத்தேன். நான் கல்வராயன் மலையில் பிறந்தவள். எங்கள் வீட்டில் காதுகுத்திலிருந்து கல்யாணம் வரை தாய்மாமன் சொல்லாமல் எதுவும் நடக்காது. முதுகில் குத்தினால் கால் விளங்காமல் போகும் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பயத்தைத் தனியாகச் சுமக்க முடியவில்லை. "எங்க அண்ணன் வரட்டும்" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல சயின்ஸ் நடத்தறவ பேசற பேச்சா இது?" என்றார் கணவர்.

அண்ணனின் போனுக்குச் சிக்னல் இல்லை. ஒரு மணி நேரம் அழைத்துக்கொண்டே இருந்தேன். மகள் கண் திறந்து என்னையே பார்த்தாள்.

"நீங்க யாருங்க?" என்றாள், மரியாதையாக.

கையெழுத்துப் போட்டேன்.

நர்ஸ் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கிப் பிடித்தார். தலையை நான் தாங்கிக்கொண்டேன். சின்னக் குப்பிகளில் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவ்வளவு தெளிவாக இருந்தது. "இவ்ளோதாங்க" என்றார் டாக்டரம்மா. நான் மகளின் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்தன.

மாலையில், வைரஸாகத்தான் இருக்கும் என்றார்கள். மூன்றாம் நாள் இன்னொரு பரிசோதனையில் அது உறுதியானது. வாயோரம் கொப்புளம் போடவைக்கும் அதே வைரஸ். முதல் நாளே ஏற்றத் தொடங்கிய மருந்து அதற்கானதுதான். மூன்று வாரம் தொடரவேண்டும் என்றார்கள். அன்று மதியம் மகள், "அம்மா, பசிக்குது" என்றாள். அம்மா என்றாள்.

அன்று மாலைதான் அண்ணன் வந்தார். உறவுக்காரர் வீட்டுக்கு வேறொரு மலையூருக்குப் போயிருந்தவருக்கு அப்போதுதான் சேதி கிடைத்ததாம். அவருக்காகக் காத்திருந்தால் அந்த மூன்று நாளும் என்ன கிருமி என்றே தெரிந்திருக்காது.

"உன்னக் கேக்காம கையெழுத்து போட்டுட்டேண்ணா" என்றேன்.

அவர் மகளின் நெற்றியைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெத்தவ நீ. இதுக்கெல்லாமா என்னக் கேட்டுக்கினு இருப்ப? மூஞ்சப் பாத்தா மூணு நாளா சாப்ட்டாப்ல தெரியல. சாப்படறதுக்கும் நான் வந்துதான் சொல்லணுமா?"