உள்ளே மடித்த விளிம்பு

நீராவியை ஊதி விலக்கிவிட்டு, எங்கள் சலவைக்கூடத்து மடிப்பக்கா சட்டையின் கைவிளிம்பை விரலால் தடவிப் பார்ப்பாள். நைந்த இடம் எது என்று துணியே அவளிடம் சொல்லிவிடும் போலிருக்கும். அதை உள்ளே மடித்து, இஸ்திரிப் பெட்டியை ஒரு மூச்சு நேரம் அழுத்துவாள். எடுத்தால், நேற்றுத் தைத்த சட்டை. "கிழிசல் நமக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்கு எதுக்கு?" என்பாள்.

பக்கத்து மேசையில் விரிப்பு மடிக்கிறவள் நான். காலை வெயில் ஆவிக்குள் நுழையும்போது கூடம் முழுக்க மேகத்துக்குள் மிதக்கிற மாதிரி ஆகிவிடும். நான் வாய்க்குள் பிரார்த்தனை சொல்லுவேன். அவள் வாய்க்குள் மகளுடைய கல்லூரிப் பாடங்களின் பெயர்களைச் சொல்லுவாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை வந்தால்தான் அந்த இடம் நிற்கும். போன வாரம் அதற்கான நேர்காணலுக்கு, மகளுடைய சட்டையின் நைந்த கைவிளிம்பை உள்ளே மடித்து, மடிப்பக்கா தன் வித்தை மொத்தத்தையும் காட்டித் தேய்த்து அனுப்பினாள். அங்கே இருந்தவர் பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, "உன்னைப் பாத்தா கஷ்டப்படுற வீடு மாதிரி தெரியலையேம்மா" என்றாராம். பிள்ளை மன்றாடிக் கேட்டதில், இன்று பதினொரு மணிக்கு இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அதைக் கேட்ட அன்று மடிப்பக்கா ஒரே விரிப்பை மூன்று தடவை தேய்த்தாள்.

இன்று காலை மகள் மேசைக்கு எதிரே நிற்கிறாள், எங்கள் விரிப்பு ஒன்றைப் போர்த்திக்கொண்டு. இருக்கிற ஒரு நல்ல சட்டை மேசை மேல் கிடக்கிறதே!

மேற்பார்வையாளர் போகிற போக்கில், "கசக்கிக் குடுத்துடு தாயே. உன் மடிப்புல பழம் நறுக்கலாம், எவன் நம்புவான்?" என்றார்.

"என் கைக்குக் கசக்க வராதுண்ணே. அது நடிப்பு."

"அப்ப தேய்ச்சுக் குடும்மா, நேரமாகுது," என்றாள் மகள். "கேவலமா போய் நிக்க என்னாலயும் முடியாது."

"கேவலமா யாருடி அனுப்புறா?"

மடிப்பக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அந்தப் பிள்ளைக்காக ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். ஆவி எங்கள் மூவரையும் மூடி, மெல்ல விலகியது. பார்த்தால், உள்ளே மடித்திருந்த கைவிளிம்பை அவள் வெளியே எடுத்து விட்டிருந்தாள். நைந்த நூல்களை ஒவ்வொன்றாக விரலால் நேராக்கினாள். பழைய கிழிசலை மூடிய ஒட்டுத்தையல் மேலே தெரியும்படி வைத்து, இஸ்திரிப் பெட்டியை இறக்கி, வழக்கமான ஒரு மூச்சுக்குப் பதில் மூன்று மூச்சு அழுத்தினாள்.