வெண்ணெய்க் கிருஷ்ணர் களவு போன கதை

என் கல்யாணத்துக்கு எங்கண்ணன் சீராகக் கொடுத்தது ஒரு தஞ்சாவூர்ப் படம். வெண்ணெய்க் கிருஷ்ணர், தங்க ரேக்கு, ஆளுயரக் கண்ணாடிச் சட்டம். நான் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தபோது அது களவு போய்விட்டது. சுவரேறிக் குதித்த நாலு தடியன்களோடு மல்லுக்கட்டியதாக எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். அத்தாட்சிக்குத் தோளில் பெரிய பற்று வேறு போட்டிருந்தார். நான் நம்பினேன். அந்தத் தோளைப் பார்த்து அழுதுகூட வைத்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கண்ணன் மட்டும், "நாலு பேரா, மாப்ளே? போன தடவை மூணு பேருன்னீங்க" என்று கேட்டுவிட்டு நிதானமாக வெற்றிலையை மடிப்பார். அந்த மனுஷரை எப்படியாவது நம்பவைத்துவிட வேண்டும் என்பதே இவருக்கு வாழ்க்கை லட்சியமாகிப் போனது.

சில வருஷம் கழித்து இலுப்பூர் டூரிங் டாக்கீஸுக்கு ஒரு படம் வந்தது. கொட்டடித்துக்கொண்டு வண்டியில் நோட்டீஸ் போட்டார்கள். புதுக்கோட்டைச் சீமையில் ஒரு பெரிய வீட்டில் நடந்த உண்மையான சாமி படத் திருட்டு, திருடனே சொன்ன கதை, வயிறு குலுங்கச் சிரிக்க வாருங்கள் என்று போட்டிருந்தது. இவர் முதல் பாதியை மட்டும் படித்தார்.

"நம்ம சண்டையத்தான் எடுத்திருக்காங்க!" என்று உறவுமுறை மொத்தத்தையும் வண்டி கட்டி அழைத்துப் போனார். எங்கண்ணனைத் தம் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

படத்தில் சண்டை வரவேயில்லை. ஒருத்தன் தலைப்பாகையும் சந்தனப் பொட்டுமாக வாசலில் வந்து நின்றான். "கல்யாண வீட்டுலேருந்து வாரேன். கூடத்துல மாட்ட சாமி படம் எரவல் வாங்கியாரச் சொன்னாங்க" என்றான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் அண்டா, ஜமக்காளம், சாமி படம் எல்லாம் வீட்டுக்கு வீடு இரவல் போகும். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்பது மட்டும் கூடாது. கேட்டால், நமக்கு அழைப்பு வரவில்லை என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். திரையில் வந்த வீட்டு முதலாளியும் கேட்கவில்லை. "ஓ, அந்தக் கல்யாணமா!" என்று எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டு, தாமே ஒரு பக்கம் பிடித்துப் படத்தை வண்டியில் ஏற்றினார். ஏற்றும்போது தோள் பிசகி, "ஆத்தாடி!" என்று அலறினார்.

கொட்டகை உருண்டு புரண்டு சிரித்தது. நான் பெண்கள் பக்கத்துக் குட்டைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் தம் தோளைத் தடவிக்கொண்டிருந்தார். அடப்பாவி மனுஷா! பிறந்த வீட்டுச் சீரைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டு என்னை ஊரெல்லாம் அழவிட்டாரே! சுவரைத் தாண்டிப் போய்ப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது.

எங்கண்ணனுக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் பெருந்தன்மையாக, "இது வேற யாரோ ஒரு கூமுட்டை கதை போலருக்கு, மாப்ளே. ஒங்க கதையில சண்டைல்ல வரும்?" என்றார்.

"ஆமா, ஆமா. இது வேற வீடு" என்று இவர் மூச்சு விட்டார். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பார்.

அதற்குள் திரையில் அந்த முதலாளி, படத்தைக் கட்டுவதற்கு நைந்துபோன பழங்கயிறு ஒன்றைத் தூக்கிப் போட்டார். வந்தவன் ஒரு வாய் காப்பி கேட்டான். "தண்ணியக் குடிச்சிட்டுப் போ" என்று விரட்டினார்.

எங்கள் வீட்டுக்காரர் விருட்டென்று எழுந்தார். அவர் தலை நிழல் பாதித் திரையை மறைத்தது.

"பொய்யி! அம்புட்டும் பொய்யி! நானா பழங்கயிறு குடுத்தேன்? புதுக் கயிறுய்யா, கட்டுப் பிரிக்காத புதுக் கயிறு! காப்பி குடுத்து, கந்தரப்பம் வச்சு, கண்ணாடி பத்திரம்டான்னு தெருமுனை வரைக்கும் கூடப் போயி வழியனுப்பினேன்யா!"

கொட்டகையில் எழுந்த சிரிப்பில் படத்தின் வசனமே யாருக்கும் கேட்கவில்லை. கோபத்தை மறந்து நானும்தான் சிரித்தேன், வேறென்ன செய்வது?

எங்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஒக்காருங்க, மாப்ளே. இப்ப நம்புறேன்."