நுஹாத் மிஸ்ஸின் கப்பல்கள்

"பேரெல்லாம் இங்க வேண்டாம், கதைய மட்டும் கேளு" என்று சாக்பீசை இரண்டாக ஒடிப்பார் நுஹாத் மிஸ். ஒடிக்காமல் அவருக்கு எழுத வராது.

சைதா என்ற அரபுத் துறைமுக நகரத்தின் கடலோரப் பள்ளியில் வரலாறு எடுக்கிறார். உயிரோடு இருக்கிற எவர் பெயரும் அவர் வகுப்பில் வரக் கூடாது. ஒரே பெஞ்சில் நான்கு கட்சிக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு பெயர் வாய் தவறினாலும் சாயங்காலம் நான்கு அப்பாக்கள் தலைமையாசிரியர் முன்னால் நிற்பார்கள். பாடப்புத்தகமோ நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரன் கப்பலேறியதோடு கை கழுவிவிட்டது. ஆகவே நேற்றைய செய்தியைக் கேட்டால் மிஸ் பழங்காலத்துக்குள் புகுந்துவிடுவார். ரொட்டிக் கடையில் ஏன் இத்தனை கூட்டம் என்றால் துருக்கியர் காலத்துப் பஞ்சம் வரும், கோதுமையைப் பதுக்கியவர்கள் வருவார்கள்.

"மிஸ், அந்தப் பதுக்கினவன் எங்க தெருவுலதான் இருக்கான்" என்பான் பின்பெஞ்சு பஹா.

"அவன் செத்து நூறு வருஷமாச்சுடா, வாய மூடு."

வகுப்பு சிரிக்கும். புரிய வேண்டியது புரிந்திருக்கும்.

போர் விமானம் தலைக்கு மேல் போனால் மிஸ் பேச்சை நிறுத்துவார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை உயர்த்திய கை அப்படியே நிற்கும். பிறகு விட்ட சொல்லின் பாதியிலிருந்து தொடர்வார். வெளிநாடு போய்விட்ட பிள்ளைகளின் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். "எல்லாரும் போயிட்டா ஊர்ல யாருடி இருப்பா, பூனையா?" என்று திட்டுவார். அந்தத் திட்டைக் கேட்டுத்தான் முன்பெஞ்சு லயாலின் அக்கா ஜெர்மனியில் கிடைத்த படிப்பை விட்டாள். இப்போது போன் கடையில் நிற்கிறாள்.

மான்ட்ரியலிலிருந்து தம்பி எடுத்து அனுப்பிய விமானச் சீட்டு மூன்று நாளாக மிஸ்ஸின் கைப்பையில் கிடக்கிறது. தலைமையாசிரியருக்குத் தெரியும். பிள்ளைகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

இன்று லயால்தான் எழுந்தாள். "மிஸ், ஊர விட்டு யாரும் போகக் கூடாது, கடைசி வரைக்கும் நிப்போம்னு டிவில ஒருத்தர் கத்துனாரே, அவரு பசங்க பாரிஸ்லயாமே?"

மிஸ் சாக்பீசை ஒடித்தார். பலகையில் ஊர்த் துறைமுகம், சுவர், வரிசையாகக் கப்பல்கள். "பாரசீக ராஜா படையோட வர்றான். யாரும் திருட்டுத்தனமா தப்பிச்சுப் போயிடக் கூடாதுன்னு நம்ம ஊர்க்காரங்களே தங்களோட கப்பலையெல்லாம் கொளுத்திட்டாங்க. ஆனா நம்ம ராஜா இருக்கான் பாரு, அவன் முன்னாடியே எதிரியோட ரகசியமா பேசி முடிச்சிட்டான். கதவத் திறந்து விட்டான். போக வழியில்லாத ஜனங்க வீட்டப் பூட்டிக்கிட்டு உள்ளயே எரிஞ்சு செத்தாங்க."

மிஸ் கப்பல்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழித்தார்.

லயால் உட்காரவில்லை. "ஒண்ணு கூடவா மிஞ்சல மிஸ்? யாராவது ஒருத்தர் ஒண்ண ஒளிச்சு வச்சிருக்க மாட்டாங்களா?"

புத்தகத்தில் இல்லாத எதையும் மிஸ் பலகையில் வரைந்ததே இல்லை. இன்று சுவருக்கு வெகு தூரத்தில், மேற்கே பார்த்தபடி, சின்னதாக ஒரு கப்பல் வரைந்தார். வரைந்தவர் வகுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் சொல்லாததையெல்லாம் புரிந்துகொண்டு பழகிய வகுப்பு.

"எப்ப மிஸ்?" என்றாள் லயால்.

நுஹாத் மிஸ் பலகையைப் பார்த்தபடியே, கையில் மிஞ்சியிருந்த சாக்பீஸ் துண்டை மறுபடியும் இரண்டாக ஒடித்தார்.